பயறுப் பயிரும் நுண்ணூட்டச் சத்தும்

சூளகிரி வட்டாரத்தில் கேழ்வரகு விதைக்கும் குடியானவர், சில சால்களுக்கு ஒரு சால் வீதம் இடையிடையே அவரையும் துவரையும் விடுவது தொன்றுதொட்டு வரும் வழக்கம் என்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள். பேரிகையைத் தாண்டி மாலூர்ப் பக்கம் சென்றால், கன்னடம் பேசும் குடியானவர்கள் இதற்கு அக்கடி சால் என்றே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். கேழ்வரகு அறுவடையாகிக் களத்துக்கு வந்த பின்னும் அவரை நிலத்தில் நின்று காய்த்துக்கொண்டிருக்கும். மார்கழி, தை மாதங்களில் பிதுக்கம் பருப்புக் குழம்பு மணக்காத வீடு இப்பகுதியில் அரிது. வேறெதுவும் எழாத மேட்டுச் சரளையிலோ கொள்ளு எழும்.

இவ்வாறு கேளாமல் கொடுக்கும் பயிராக இருப்பதனாலேயே, பயறு வகைகளுக்கு எருவும் உரமும் வேண்டியதில்லை என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிற்று. அண்மைக் காலத்தில் இதற்கு நேர்மாறான ஒரு பழக்கமும் பரவி வருகிறது. நுண்ணூட்டம் என்றும் டானிக் என்றும் வண்ணப் புட்டிகளில் விற்கப்படுபவற்றை, நிலத்தில் இன்னது குறை என்று அறியாமலே வாங்கித் தெளித்துவிடுவது அது. முன்னதால் விளைச்சல் போகிறது. பின்னதால் கடன் வாங்கிய பணம் போகிறது. தவணைக்குள் திருப்பிச் செலுத்தும் அங்கத்தினருக்குச் சங்கத்தின் பயிர்க்கடன் வட்டியில்லாக் கடன். தவணை தவறினாலோ அந்தச் சலுகை போய்விடும். ஆகையால் புட்டிக்குச் செலவிட்ட பணம் விளைச்சலாகத் திரும்பவில்லை எனில், நட்டம் புட்டியின் விலையோடு நிற்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கத்தில் தவணை தவறிய பாக்கிகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். பட்டியலில் ஒரு மூதாட்டியின் பெயர் இருந்தது. அதற்கு முன் எந்த ஆண்டிலும் அவர் பாக்கி வைத்ததில்லை. அவர் நிலத்துக்கே நேரில் சென்றபோது, முந்தானையில் முடிந்து வைத்திருந்த சீட்டுகளை அவிழ்த்து நம்மிடம் நீட்டினார்.

“ஐயா, கடன் பணத்தை நான் கல்யாணத்துக்குச் செலவழிக்கவில்லை. நிலத்துக்கே போட்டேன். இதோ எல்லாவற்றுக்கும் சீட்டு இருக்கிறது, எண்ணிப் பாருங்கள்” என்றார்.

எண்ணிப் பார்த்தோம். ஐந்து சீட்டுகள் இருந்தன. அவற்றுள் மூன்று, போரான் கலந்த ஒரே மருந்துக்கு மூன்று முறை கொடுத்த பணம். கண் முன்னே நின்ற அவரையோ வெளிறி, கட்டை பிடித்து, பூவை உதிர்த்துக்கொண்டிருந்தது. கல்லூரியில் தாவர நூல் படித்துப் பட்டம் பெற்றவர் என்ற பெயர் நமக்கு உண்டு. ஆயினும் அந்தப் பயிருக்கு வந்த குறை இன்னதென்று சொல்ல அன்று நம்மால் இயலவில்லை என்பதை மறைக்காமல் எழுதுகிறோம். உடன் வந்திருந்த உதவி வேளாண்மை அலுவலர், மண்வெட்டியால் ஒரு செடியை வேரோடு பெயர்த்து, வாய்க்கால் நீரில் மெல்ல அலசி, வேரில் ஒட்டியிருந்த சிறு முடிச்சு ஒன்றை நகத்தால் கிள்ளிப் பிளந்து காட்டினார். உள்ளே வெண்மையும் பச்சையும் கலந்திருந்தது. “உள்ளே சிவப்பு இல்லை. இந்தச் செடி பட்டினி கிடக்கிறது” என்றார். அன்று அவரிடம் கற்றதையும், பின்னர் நாமே தேடிப் படித்ததையும் அங்கத்தினர்களுக்கு இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

பயறு வகைச் செடியின் வேரில் காணும் முடிச்சு நோயன்று. அது பாக்டீரியா குடியிருக்கும் வீடு. ரைசோபியம் எனப்படும் அந்நுண்ணுயிர், காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்கு அளிக்கிறது. செடி அதற்கு மாவுச்சத்தை ஊட்டுகிறது. இக்கொடுக்கல் வாங்கலை 1886-இல் ஹெல்ரீகல், வில்பார்த் என்ற ஜெர்மானிய அறிஞர் இருவர் உலகுக்கு விளக்கினர். நம் முன்னோர் காரணம் அறியாமலே கேழ்வரகோடு அவரையைச் சேர்த்து விதைத்து இதன் பயனைப் பெற்று வந்தனர். கூட்டுறவு என்ற சொல்லுக்கு உவமை தேடி வேறெங்கும் போக வேண்டியதில்லை. ஆனால் இந்த வீட்டில் வேலை நடப்பதற்குச் சில கருவிகள் வேண்டும். தழைச்சத்தைப் பிடிக்கும் நொதியில் மாலிப்டினமும் இரும்பும் உறுப்புகளாக அமைந்திருக்கின்றன. முடிச்சினுள் காணும் சிவப்பு, நம் இரத்தத்தின் சிவப்புக்கு உறவான ஒரு பொருள். அதற்கும் இரும்பு வேண்டும். அந்நுண்ணுயிர் பெருகச் சிறிதளவு கோபால்ட்டும் வேண்டும். நெல்லுக்கும் சோளத்துக்கும் வேண்டாத சில தேவைகள் பயறுக்கு இருப்பது இதனால்தான்.

இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு, தாமிரம், போரான், மாலிப்டினம், குளோரின், நிக்கல் ஆகிய எட்டையும் நுண்ணூட்டச் சத்துகள் என்பர். நுண் என்பது அளவைக் குறிக்கும் சொல்லேயன்றி முக்கியத்தைக் குறிப்பதன்று. தழை, மணி, சாம்பல் சத்துகளைப் பயிர் கிலோ கணக்கில் எடுக்கிறது. இவற்றைக் கிராம் கணக்கில் எடுக்கிறது. நெசவாளர் அங்கத்தினர்களுக்கு இதனை எளிதில் விளங்க வைக்கலாம். சாயத் தொட்டியில் எத்தனை சாயம் கரைத்தாலும், படிகாரம் முதலான பற்றுப்பொருள் இன்றேல் பல இயற்கைச் சாயங்கள் நூலில் நிற்பதில்லை. படிகாரத்தின் எடை சாயத்தின் எடைக்கு ஒரு சிறு பங்குதான். அதற்காகத் தொட்டி நிறையப் படிகாரம் கொட்டினால் நூல் கெடும். இரண்டு பக்கமும் உண்மையான உவமை இது. இதன் பின்பாதியை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

போரான் இன்றிப் பயிர் வாழாது என்பதை முதலில் மெய்ப்பித்த சோதனை ஒரு பயறு வகைச் செடியின் மீதே நடந்தது. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் காதரின் வாரிங்டன் என்ற பெண்மணி, நீரில் சத்துகளைக் கரைத்து அகன்ற அவரை வளர்த்து, போரான் பெறாத செடிகள் நுனி கருகி மடிவதை 1923-இல் வெளியிட்டார். மாலிப்டினத்தின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. தென் ஆஸ்திரேலியாவில் மேய்ச்சல் நிலங்களில் விதைத்த பயறு வகைத் தீவனச் செடி சரியாக வளராமலிருக்க, ஆண்டர்சன் என்ற ஆராய்ச்சியாளர் மரச்சாம்பல் இட்ட இடத்தில் செடி செழிப்பதைக் கண்டு, சாம்பலில் உள்ளது எது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். அது மாலிப்டினம் என்று 1942-இல் தெரிந்தது. ஏக்கருக்குச் சில அவுன்ஸ் போதுமானதாயிருந்தது. அவரைப் பந்தலின் அடியில் அடுப்புச் சாம்பலைக் கொட்டும் நம் வீட்டுப் பெண்மணிகளின் பழக்கத்தை இதன் பின் யாரும் எளிதாகச் சிரித்துத் தள்ள முடியாது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். சூளகிரிப் பக்கத்து நிலம் பெரும்பாலும் செம்மண், மணல் கலந்தது, பாறை சிதைந்து உண்டானது. மழை நீர் இறங்கி ஓடும்போது சத்துகளையும் அடித்துக்கொண்டு போகும். சில துண்டுகளில் அமிலத் தன்மையும் காணப்படுகிறது. அமில மண்ணில் மாலிப்டினம் இருந்தும் இல்லாதது போல் பூட்டுண்டு கிடக்கும். இதற்கு மேல் நாமும் சில குறைகளைச் சேர்த்திருக்கிறோம். முன்பு வீட்டுக்கு வீடு மாடு இருந்தது. குப்பைக் குழி நிறைந்திருந்தது. இன்று வீட்டுப் பிள்ளைகள் ஓசூர் ஆலைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். மாடு குறைந்தது, தொழு உரமும் குறைந்தது. கிணறு உள்ளவர் தக்காளியும் கொத்தமல்லியும் புதினாவும் ஓய்வின்றி எடுக்கிறார்கள். யூரியாவும் டி.ஏ.பி.யும் மூன்று சத்துகளில் ஒன்றிரண்டைத் திருப்பித் தருகின்றன. எடுத்துக்கொண்டு போன துத்தநாகத்தையும் போரானையும் அவை திருப்பித் தருவதில்லை. தொழு உரமோ எல்லாவற்றையும் சிறுகச் சிறுகத் தந்துகொண்டிருந்தது.

இது நம் ஊர்க் குறை மட்டுமன்று. நெற்பயிரில் கைரா என்னும் நோயாகத் தோன்றியது உண்மையில் துத்தநாகக் குறையே என்று பந்த்நகரில் நேனே என்ற அறிஞர் 1966-இல் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே நாடு முழுதும் நுண்ணூட்டச் சத்துகளை ஆராயும் ஒருங்கிணைந்த திட்டம் தொடங்கப்பட்டது. அத்திட்டத்தார் அண்மையில் ஆராய்ந்த மண் மாதிரிகளில், இந்தியா முழுமைக்கும் எடுத்துக்கொண்டால் மூன்றில் ஒன்றுக்கு மேல் துத்தநாகக் குறை உடையவை. தமிழ்நாட்டிலோ பாதிக்கும் மேல்.

எல்லைக்கு அப்பால் நடந்ததைச் சற்று விரிவாகக் கூறுவது பயன்தரும். கர்நாடக அரசு, ஐதராபாத்தை அடுத்த பட்டான்செருவிலுள்ள இக்ரிசாட் நிறுவனத்துடன் சேர்ந்து, 2009-இல் பூசேதனா என்னும் திட்டத்தைத் தொடங்கியது. மானாவாரி மாவட்டங்களில் விளைச்சலை 20 விழுக்காடு உயர்த்துவது நோக்கம். முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்களில் நம்மை ஒட்டியுள்ள கோலாரும் ஒன்று. அவர்கள் உரத்தைக் கையில் எடுப்பதற்கு முன் மண்ணைக் கையில் எடுத்தார்கள். ஊர் ஊராக மாதிரிகள் திரட்டி ஆராய்ந்ததில், பாதிக்கும் மேற்பட்ட நிலங்களில் கந்தகமும் துத்தநாகமும் போரானும் போதவில்லை என்று தெரிந்தது. அதன் பிறகு, மாநிலம் முழுதுக்கும் ஒரே அளவு என்று வைக்காமல், வட்டத்துக்கு வட்டம் குறைக்கு ஏற்ப ஜிப்சமும் துத்தநாக சல்பேட்டும் போராக்சும் பாதி விலைக்கு வழங்கப்பட்டன. கேழ்வரகு, நிலக்கடலை, துவரை முதலிய பயிர்களில் விளைச்சல் குறிக்கோளை எட்டியது. பல இடங்களில் தாண்டியது. நல்ல விதையும் மழை நீர்ச் சேமிப்பும் அத்திட்டத்தில் சேர்ந்திருந்தமையால், முழுப் பெருமையையும் நுண்ணூட்டத்துக்கே கொடுப்பது முறையாகாது. எனினும் பேரிகை மண்ணுக்கும் மாலூர் மண்ணுக்கும் நடுவே இருப்பது அரசாங்கம் போட்ட கோடுதானே தவிர, பாறை போட்ட கோடன்று.

குறையைக் கண்ணால் காண்பது எப்படி என்று அங்கத்தினர்கள் கேட்கக்கூடும். ஓரளவு காணலாம். துத்தநாகம் குறைந்தால் இலை சிறுத்து, நரம்புகளுக்கு நடுவே மஞ்சளித்து, கணு நெருங்கிச் செடி குட்டையாகும், முதிர்ச்சி தள்ளிப்போகும். இரும்பு குறைந்தால் புதுத் தளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாய் நிற்கும்; சுண்ணாம்பு மிகுந்த நிலத்திலும் நீர் தேங்கிய நிலத்திலும் இது அதிகம். போரான் குறைந்தால் நுனி கருகும். பூ நின்றும் காய் பிடிக்காது. நிலக்கடலையில் தோடு நிறைந்திருந்தும் பருப்பின் நடு குழிந்திருக்கும். மாலிப்டினக் குறைக்குத் தனி அடையாளம் இல்லை. யூரியா போடாத பயிர் போலச் செடி முழுதும் வெளிறும். முடிச்சைப் பிளந்தால்தான் உண்மை தெரியும். விதைத்து முப்பது, நாற்பது நாட்களுக்குள் நாலைந்து செடிகளைப் பெயர்த்து முடிச்சைப் பார்ப்பது காசு செலவில்லாத பரிசோதனை. செடியைப் பிடித்து இழுத்தால் முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். ஆகையால் மண்ணோடு பெயர்த்து நீரில் அலச வேண்டும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. உளுந்து, கொள்ளு, அவரை ஆகியவற்றில் காணும் மஞ்சள் எல்லாம் சத்துக் குறையன்று. வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல் நோயும் இலையை மஞ்சளாக்கும். அது ஒழுங்கில்லாத திட்டுகளாக, அங்கொரு செடியும் இங்கொரு செடியுமாகத் தோன்றிப் பரவும். சத்துக் குறையோ இலையில் நரம்பை ஒட்டிய ஓர் ஒழுங்கோடும், நிலத்தில் ஒரு பகுதி முழுதும் ஒன்றுபோலவும் காணப்படும். தேமல் கண்ட செடிக்கு எத்தனை நுண்ணூட்டம் தெளித்தாலும் பயன் இல்லை. அதனைத் தொடக்கத்திலேயே பிடுங்கி அழிப்பதும் ஈயைக் கட்டுப்படுத்துவதுமே வழி. நாம் பார்த்தவரையில், வீணான புட்டிகளில் பல இந்த மயக்கத்தினால் வாங்கப்பட்டவையே.

கண்ணை மட்டும் நம்பாமல் மண்ணைச் சோதிப்பதே உறுதியான வழி. 2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் பன்னிரண்டு அளவுகள் குறிக்கப்படுகின்றன. துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கந்தகம் ஆகியவையும் கார அமில நிலையும் அவற்றுள் அடங்கும். மாலிப்டினம் அதில் இல்லை. ஆகவே அட்டையில் அமிலத் தன்மை காட்டப்பட்டு, முடிச்சின் உள்ளே சிவப்பும் இல்லாவிடில், மாலிப்டினத்தை நினைவில் கொண்டு வேளாண்மை அலுவலரைக் கேட்க வேண்டும். பெரும்பாலும் அதற்கு மருந்து விவசாயச் சுண்ணாம்பே. அமிலம் தணிந்தால் பூட்டிக் கிடந்த மாலிப்டினம் தானே விடுபடும். ஆனால் சுண்ணாம்பையும் அளவறிந்து இடவேண்டும். மிகையானால் அதுவே துத்தநாகத்தையும் இரும்பையும் போரானையும் பூட்டிவிடும். ஒரு பூட்டைத் திறக்கப் போய் மூன்று பூட்டுப் போட்ட கதையாகிவிடலாம்.

முன் சொன்ன மூதாட்டியின் நிலத்து மண்ணைச் சோதித்ததில் துத்தநாகம் குறைவு, அமிலம் சற்று மிகுதி, போரான் நிறைவு என்று வந்தது. மூன்று முறை பணம் கொடுத்து அவர் வாங்கியது, நிலத்தில் ஏற்கெனவே நிறைவாய் இருந்த ஒன்றை!

எவ்வளவு இடுவது? இறவைப் பயறுக்கு, துத்தநாகம் குறைவென்று தெரிந்த நிலத்தில், ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலோடு கலந்து கடைசி உழவின் போது இடுவது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. ஒரு முறை இட்டால் அடுத்து வரும் பயிருக்கும் பயன் நிற்கும். ஆண்டுதோறும் இட வேண்டியதில்லை. வாங்கும் போது பையில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 21 விழுக்காடு துத்தநாகம் உள்ளதும் உண்டு, 33 விழுக்காடு உள்ளதும் உண்டு. விலையைச் சத்தோடு சேர்த்துக் கணக்கிட வேண்டுமேயன்றிப் பையோடு சேர்த்தன்று. நிற்கும் பயிரில் குறை தோன்றினால், பத்து லிட்டர் நீருக்கு 50 கிராம் வீதம் துத்தநாக சல்பேட்டையும், அதில் பாதி எடை சுண்ணாம்பையும் கரைத்து வடிகட்டித் தெளிக்கலாம். இரும்புக் குறைக்குப் பத்து லிட்டருக்கு 100 கிராம் அன்னபேதி.

போரான் குறைந்த நிலக்கடலை நிலத்துக்கு, விதைத்த 45-ஆம் நாள் மண் அணைக்கும் போது ஏக்கருக்கு 4 கிலோ போராக்சும் 80 கிலோ ஜிப்சமும் இடுவது வழக்கம். இங்கே கை தாராளமாகலாகாது. போரானில் போதும் என்பதற்கும் நஞ்சு என்பதற்கும் நடுவே உள்ள இடைவெளி மிகக் குறுகியது. ‘இன்னும் ஒரு பிடி’ என்று சேர்த்தால் இலை ஓரம் கருகும்.

பல்கலைக்கழகம் தயாரிக்கும் பயறு நுண்ணூட்டக் கலவையை, அதைப் போல் பத்து மடங்கு தொழு உரத்துடன் ஈரப்பதமாகக் கலந்து, நிழலில் ஒரு மாதம் மூடி வைத்து, பின்னர் நிலத்தில் இடுவது நல்ல முறை. தனியே இட்டால் மண்ணில் பூட்டுண்ணும் சத்து, எருவோடு சேரும்போது பயிருக்குக் கைக்கு எட்டும் நிலையில் நிற்கிறது. பூக்கும் தருணத்தில் தெளிக்கும் பல்ஸ் ஒண்டர் என்ற ஊக்கியும் உண்டு. ஏக்கருக்கு 2 கிலோ, 200 லிட்டர் நீரில். பூ உதிர்வதைக் குறைத்து 10 முதல் 20 விழுக்காடு வரை விளைச்சலைக் கூட்டும் என்பது பல்கலைக்கழகத்தின் கூற்று. ஆனால் அடியில் துத்தநாகம் அறவே இல்லாத செடிக்குப் பூவின் மேல் தெளிக்கும் ஊக்கி மட்டும் எத்தனை தூரம் துணை செய்யும் என்பதை அங்கத்தினர்களே எண்ணிப் பார்க்கலாம். ரைசோபியம் பொட்டலத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து விதையோடு கலந்து, நிழலில் உலர்த்தி, ஒரு நாளைக்குள் விதைத்துவிடுவதை எல்லாவற்றுக்கும் முதலில் வைப்போம். செலவு சொற்பம். பொட்டலத்தை வெயிலில் வைத்தால் மட்டும் வாங்கியது வீண்.

நம் தரப்பில் நிகழ்ந்த ஒரு பிழையையும் சொல்லியாக வேண்டும். நாம் மேற்பார்வையிட்ட ஒரு சங்கத்தில், கடனின் பொருள் பகுதியாக டி.ஏ.பி. மூட்டையையும் துத்தநாக சல்பேட் பையையும் ஒரே நாளில் வழங்க வேண்டும் என்று குறிப்பு எழுதியவர் நாமே. வண்டிச் செலவு மிச்சம் என்பது நம் கணக்கு. இருப்புப் பதிவேடு சரியாயிருந்தது. வழங்கல் பதிவேடும் சரியாயிருந்தது. தணிக்கைக் குறிப்பில் திருப்தி என்று எழுதினோம். அங்கத்தினர்களோ இரண்டையும் ஒரே கூடையில் கொட்டிக் கலந்து வீசிவிட்டார்கள். ஒன்றாக வந்ததை ஒன்றாக இட்டார்கள். அவர்கள் மேல் குற்றம் இல்லை. துத்தநாகமும் மணிச்சத்தும் நேருக்கு நேர் சந்தித்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கரையாத கட்டியாகிவிடும். இரண்டும் பயிருக்குக் கிட்டா.

இதனை வீட்டிலேயே காணலாம். ஒரு கண்ணாடித் தம்ளரில் சிறிது டி.ஏ.பி.யைக் கரைத்துத் தெளிய வையுங்கள். மற்றொன்றில் துத்தநாக சல்பேட்டைக் கரையுங்கள். தெளிந்த நீர் இரண்டையும் கலந்தால் தயிர் திரிந்தது போல் வெள்ளையாகக் கட்டி விழும். அந்த வெள்ளை, பாதி உங்கள் டி.ஏ.பி. பணம், பாதி உங்கள் துத்தநாகப் பணம். இச்சோதனைக்கு மற்றொரு பயனும் உண்டு. துத்தநாக சல்பேட்டில் மலிவான மக்னீசியம் சல்பேட்டைக் கலந்து விற்பவர்கள் இருக்கிறார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கலந்த பின் வெள்ளைக் கட்டி விழாவிட்டால் பையில் இருப்பது துத்தநாகம் அன்று என்று ஐயப்பட்டு, பையையும் சீட்டையும் வேளாண்மைத் துறையாரிடம் காட்டலாம். அச்சங்கத்தில் இப்போது துத்தநாகம் முதலில் வழங்கப்பட்டு, இரண்டு வாரம் கழித்தே டி.ஏ.பி. வழங்கப்படுகிறது. பூக்கும் பருவத்தில் டி.ஏ.பி. கரைசல் தெளிப்பவர்களும் அதே தெளிப்பானில் துத்தநாக சல்பேட்டைச் சேர்க்கலாகாது.

அடுத்த ஆடியில் அந்த மூதாட்டி, அலுவலர் சொன்னபடி முன்னதாகவே சுண்ணாம்பு இட்டு, சில வாரம் கழித்துத் துத்தநாகம் இட்டு, ரைசோபியம் கலந்த விதையை விதைத்தார். ஒன்று மட்டும் நாம் கேட்டுக்கொண்டோம்.

“அம்மா, இரண்டு சாலுக்கு மட்டும் எதுவும் போடாமல் விட்டுவிடுங்கள். கூடுதல் என்றால் எதைவிடக் கூடுதல் என்று தெரிய வேண்டும்.”

“பிள்ளைகளில் இரண்டுக்கு மட்டும் சோறு போடாமல் வைக்கச் சொல்கிறீர்களே ஐயா” என்று அவர் சிரித்தார். ஆனாலும் விட்டு வைத்தார். அந்த இரண்டு சால்களும் மார்கழியில் வரப்பிலிருந்தே அடையாளம் தெரிந்தன. மற்றவை கரும்பச்சையாய்ப் படர்ந்து நிற்க, அவை பழைய வெளிறலோடு நின்றன. முடிச்சைப் பிளந்தபோது ஒன்றில் சிவப்பு, மற்றதில் பழைய நிறம். அவ்வாண்டு மழையும் காலத்தில் பெய்தது. ஆகையால் விளைந்தது அனைத்துக்கும் துத்தநாகத்தையும் சுண்ணாம்பையுமே காரணம் காட்ட நாம் துணியோம். அதே மழைதான் அந்த இரண்டு சால்களிலும் பெய்தது என்பதை மட்டும் குறிப்பிடுகிறோம். காயை ஓசூர்ச் சந்தையில் விற்றுப் பழைய பாக்கியில் பெரும்பகுதியைத் தையில் கட்டினார். வட்டியையும் கட்டத்தான் வேண்டியிருந்தது. அதனைத் தள்ளிக் கொடுக்க விதியில் இடமில்லை. அந்த இரசீதில் ஒப்பமிடும் போது நமக்கு மகிழ்ச்சி இல்லை.

விதைப்புக்கு முன் மண் மாதிரி எடுக்க விரும்பும் அங்கத்தினர்களுக்கு ஒரு குறிப்பு. வரப்பு ஓரம், மர நிழல், எருக் குவித்த இடம் ஆகியவற்றை விட்டு, நிலத்தில் பத்துப் பதினைந்து இடங்களில் மேற்புல்லை விலக்கி, ஆங்கில வி எழுத்தைப் போல் ஆறு அங்குல ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன் பக்கச் சுவரிலிருந்து மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். நுண்ணூட்டச் சத்தைச் சோதிக்கும் மண்ணுக்குத் துருப்பிடித்த மண்வெட்டியும் துத்தநாகப் பூச்சுள்ள வாளியும் ஆகா. அவற்றிலிருந்து உதிரும் சத்தே கணக்கில் ஏறிவிடும். குழியை எதனால் வெட்டினாலும், மண்ணை மூங்கில் பட்டையால் சீவிப் பிளாஸ்டிக் தட்டில் சேர்ப்பது நலம். எல்லாவற்றையும் கலந்து, பரப்பி, நான்காகப் பகுத்து, எதிரெதிர்ப் பங்குகளை நீக்கி, அரைக் கிலோ வரும்வரை இவ்வாறு செய்து, நிழலில் உலர்த்த வேண்டும். பழைய உரச் சாக்கில் கட்டி வந்தவர்களின் மண்ணை நாம் திருப்பி அனுப்பியதுண்டு. புதிய துணிப்பை வேண்டும். நெசவாளர் சங்கத்தில் கழிவாகும் கோடித் துண்டுகளைக் கேட்டுப் பெற்று, கையகலப் பைகளாகத் தைத்து வைத்துக்கொண்டால் இதற்கு அதைவிடப் பொருத்தமானது வேறில்லை. பையினுள் பெயர், சர்வே எண், முன் பயிர், இனி விதைக்கப்போகும் பயிர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிய சீட்டு ஒன்றை இடுங்கள். மையால் எழுதினால் மண்ணின் ஈரத்தில் அழிந்துவிடும்.